சைபீரியாவில் லெம்மிங் குறைந்தால் கோடியக்கரையில் பறவை குறையுமா? ஆர்க்டிக் கோடையின் 60 நாள் கணக்கு

2024 அக்டோபரில் உலகப் பறவைகளின் சிவப்புப் பட்டியல் திருத்தப்பட்டபோது, 16 கரையோரப் பறவை இனங்களின் நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் ‘கர்லியூ சேண்ட்பைப்பர்’. வளைந்த மூக்கு கொண்ட உள்ளான் வகை. ‘அச்சுறு நிலையை நெருங்கும் இனம்’ என்ற வரிசையில் இருந்த அது, ‘அழிவாய்ப்புள்ள இனம்’ என்ற வரிசைக்குத் தள்ளப்பட்டது.

பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் பறவை நமக்குப் புதிதல்ல. கோடியக்கரை சதுப்பு நிலங்களிலும் மன்னார் வளைகுடா தீவுகளிலும் ஒவ்வொரு ஆண்டும் குளிர்காலத்தைக் கழிக்கிற விருந்தாளி அது. எடை சுமார் 60 கிராம். ஒரு கோழி முட்டை அளவுதான்.

இந்த வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது உலகில் ஒரே பகுதியில்தான்: சைபீரியாவின் வடக்கு விளிம்பில், ஆர்க்டிக் கடலை ஒட்டிய தூந்திர நிலத்தில். அதிலும் முக்கியமான இடம் டைமிர் தீபகற்பம். ஆசியப் பெருநிலத்தின் வடகோடி முனை அங்கேதான் இருக்கிறது. ஆக, கோடியக்கரையில் நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு வளைமூக்கு உள்ளானும் அந்த விளிம்பில் எங்கோ ஓரிடத்தில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். அங்கே கோடை சரியாக அமையவில்லை என்றால், இங்கே புதுப் பறவை வராது.

சரி, அங்கே கோடை ‘சரியாக அமைவது’ என்றால் என்ன? அதை முடிவு செய்வது எது?

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?

முதலில் வரும் கேள்வி இதுதான். வெப்பமான நாட்டில் சாப்பாடும் கிடைக்கிறது, இடமும் இருக்கிறது. பிறகு ஏன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போய், பனி உருகாத நிலத்தில் முட்டையிட வேண்டும்?

காரணம் ஒன்று: வெளிச்சம். டைமிரில் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. குஞ்சுகள் 24 மணி நேரமும் இரை தேடலாம்.

காரணம் இரண்டு: பூச்சிகள். பனி உருகியதும் சதுப்பிலிருந்து கொசு, ஈ வகைப் பூச்சிகள் ஒரே சமயத்தில் கூட்டமாக வெளியே வரும். சில வாரங்களுக்குப் பெரிய விருந்து.

காரணம் மூன்று: திருடர்கள் குறைவு. கனடாவில் செயற்கைக் கூடுகளை வைத்து நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வடக்கே ஒவ்வொரு பாகை நகரும்போதும் கூடு சூறையாடப்படும் ஆபத்து 3.6 சதவீதம் குறைவதாகக் காட்டியது. நீண்ட பயணத்துக்குக் கிடைக்கும் கூலி இது.

இந்த மூன்றும் கிடைத்தால்தான் அத்தனை தூரம் பறப்பது லாபம். ஒன்று தவறினாலும் கணக்கு நஷ்டத்தில் போய்விடும்.

60 நாள் டைம்டேபிள்

ஜூன் முதல் வாரங்களில் பறவைகள் டைமிர் வந்து சேரும். அப்போது நிலத்தின் பெரும்பகுதி பனியால் மூடியிருக்கும். பனி விலகிய திட்டுகளில் இரை தேடி, ஜோடி சேர்ந்து, ஜூன் நடுவிலும் இறுதியிலும் 4 முட்டைகள் இடும். அடைகாக்க ஏறக்குறைய 20 நாட்கள். ஜூலை நடுவில் குஞ்சு பொரிக்கும். இரண்டு வாரம் சொச்சத்தில் குஞ்சு பறக்கப் பழகிவிடும். ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். மொத்தமாக இரண்டு மாதம்.

இந்த டைம்டேபிளில் தப்பு செய்துவிட்டுத் திரும்ப முயல இடமே இல்லை. நம்மூர் மைனா முதல் முட்டைகளை இழந்தால் இன்னொரு தடவை கூடு கட்டிக்கொள்ளும். டைமிரில் முட்டை தாமதமாகப் பறிபோனால், அந்த ஆண்டு அதோடு முடிந்தது.

பெற்றோரின் வேலைப் பங்கீடும் விசித்திரமானது. வளைமூக்கு உள்ளானில் ஆண் பறவை அடைகாப்பதே இல்லை. ஜூலை தொடக்கத்திலேயே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். முட்டையையும் குஞ்சையும் பெண் பறவை தனியாகப் பார்த்துக்கொள்ளும். அதே தூந்திரத்திலிருந்து நம் கடற்கரைக்கு வரும் கொசு உள்ளானோ வேறு வழி வைத்திருக்கிறது. ஒரு பெண் பறவை இரண்டு தொகுப்பு முட்டை இடும். ஒன்றை ஆண் அடைகாக்க, இன்னொன்றைப் பெண்ணே அடைகாக்கும். குறுகிய கோடைக்குள் இரண்டு வாய்ப்புகளைப் பயன்படுத்தப் பார்க்கும் உத்தி.

முதல் சோதனை: பனி எப்போது விலகுகிறது?

முட்டை செய்யத் தேவையான சத்தைப் பறவைகள் தெற்கிலிருந்து உடம்பில் சுமந்து வருகின்றன என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2001-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அதை மாற்றியது. முட்டைகளிலும் குஞ்சுகளின் முதல் தூவிகளிலும் இருந்த கார்பனின் வகையைச் சோதித்ததில், உள்ளான் வகைப் பறவைகளின் முட்டை தூந்திரத்தில் தின்ற இரையிலிருந்துதான் உருவாகிறது என்று தெரிந்தது. ஒரு கொசு உள்ளானின் நான்கு முட்டைகளும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதன் உடல் எடைக்குச் சமம். அந்தச் சத்து முழுவதையும் வந்து சேர்ந்த சில நாட்களுக்குள் அந்தப் பனித் திட்டுகளுக்கு நடுவே தேடியாக வேண்டும்.

ஆகவே பனி விலகாவிட்டால் இரை இல்லை. இரை இல்லாவிட்டால் முட்டை இல்லை.

2018-ல் வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கன்பர்க் ஆய்வு நிலையத்தில் இதன் உச்சத்தைப் பார்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பனி அளவுக்கு மீறி விழுந்தது. ஜூலை இறுதியிலும் நிலத்தின் பல பகுதிகளில் பனி கிடந்தது. விளைவு, பறவைகள் மட்டுமல்ல, பெரும்பாலான தாவரங்களும் விலங்குகளும் அந்த ஆண்டு இனப்பெருக்கம் செய்யத் தவறின. பூக்க வேண்டிய செடி பூக்கவில்லை. முட்டையிட வேண்டிய பறவை இடவில்லை. பருவநிலை மாற்றம் என்றாலே வெப்பம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் காற்றில் ஈரப்பதம் கூடும்போது பனிப்பொழிவும் கூடலாம்.

இரண்டாவது சோதனை: பூச்சி நேரத்துக்கு வருகிறதா?

தூந்திரக் குஞ்சுகள் பொரித்த ஒரு நாளுக்குள் கூட்டை விட்டு இறங்கிவிடும். தாய் ஊட்டாது. தானாகவே ஓடி ஓடிப் பூச்சி பிடிக்க வேண்டும். ஆனால் அந்த வயதில் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. கொஞ்ச நேரம் இரை தேடும், பிறகு தாயின் அடியில் போய்ச் சூடேற்றிக்கொள்ளும், மறுபடி ஓடும்.

குளிர் கூடினால் இரட்டை அடி. சூடேற்றிக்கொள்ளும் நேரம் கூடும், இரை தேடும் நேரம் குறையும். குளிரிலும் காற்றிலும் மழையிலும் பூச்சிகளும் வெளியே வராது. தவறான நேரத்தில் வரும் சில நாள் மோசமான வானிலை ஒரு பகுதியின் குஞ்சுகளில் பெரும்பங்கைக் காலி செய்துவிடும்.

அப்படியானால் வெப்பம் கூடுவது குஞ்சுக்கு நல்லதுதானே? ஒரு பக்கம் ஆமாம். கதகதப்பான நாட்களில் குஞ்சுகள் வேகமாக வளரும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நேரம். டைமிரில் பூச்சிகள் உச்சத்தைத் தொடும் நாள், 1973-க்கும் 2003-க்கும் இடையில் சுமார் ஒரு வாரம் முன்னால் வந்துவிட்டதாக டச்சு ஆய்வாளர்கள் வானிலைத் தரவை வைத்துக் கணக்கிட்டார்கள். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வந்திருக்கிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பூச்சிகள் உள்ளூர் வெப்பத்தைப் பார்த்து வெளியே வருகின்றன. பறவையோ பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. டைமிரில் இந்த ஆண்டு பனி சீக்கிரம் உருகுகிறது என்று அதற்கு யார் சொல்வது? பகல் நீளத்தையும் தன் உடலின் உள் காலண்டரையும் நம்பித்தான் கிளம்புகிறது. பந்தி முடிந்த பிறகு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்வது போலத்தான் நிலைமை.

மூன்றாவது சோதனை: லெம்மிங்

பனியும் பூச்சியும் புரிகிறது. தலைப்பில் லெம்மிங் எங்கிருந்து வந்தது?

லெம்மிங் என்பது தூந்திரத்தில் வாழும், எலி போன்ற சிறு கொறிணி. பனிக்காலத்திலும் தூங்காது. நிலத்துக்கும் பனிப்படலத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் பாசியையும் புல்லையும் தின்று, அங்கேயே குட்டியும் போடும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை உச்சத்துக்கு எகிறும். அடுத்த ஆண்டே சரிந்துவிடும்.

ஆர்க்டிக் நரிக்கு லெம்மிங்தான் முக்கிய உணவு. லெம்மிங் பெருகிய ஆண்டில் நரி வயிறு நிறையும். நிறையக் குட்டி போடும். பறவைக் கூட்டைத் தேடி அலையாது. அடுத்த ஆண்டு லெம்மிங் திடீரென மறையும். ஆனால் நரிகள் இருக்கும், பசியும் இருக்கும். அப்போது அவற்றின் பார்வை எங்கே திரும்பும்? தரையில் திறந்த வெளியில் கிடக்கும் முட்டைகள் மீதும் குஞ்சுகள் மீதும்தான்.

இதற்கான வலுவான ஆதாரம் ஆர்க்டிக்கில் கிடைக்கவில்லை. கிடைத்தது இரண்டு வெவ்வேறு கண்டங்களில். டைமிரில் பிறக்கும் பிரென்ட் கூஸ் என்ற கறுப்பு வாத்துகள் மேற்கு ஐரோப்பாவில் குளிர்காலத்தைக் கழிப்பவை. அதே டைமிரில் பிறக்கும் வளைமூக்கு உள்ளான்களில் ஒரு பகுதி தென்னாப்பிரிக்கா வரை போகும். இரண்டு இடங்களிலும் கூட்டத்தில் இளம் பறவைகள் எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணி வந்தார்கள். ரான் சம்மர்ஸ், லெஸ் அண்டர்ஹில் இருவரும் 1987-ல் இந்தக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கியது தெரிந்தது. ஐரோப்பாவில் இளம் வாத்து அதிகமாகத் தென்பட்ட ஆண்டில் ஆப்பிரிக்காவில் இளம் உள்ளானும் அதிகம். இங்கே இல்லை என்றால் அங்கேயும் இல்லை. குளிர்காலத்தில் சந்தித்துக்கொள்ளாத இரண்டு பறவைகளுக்கும் பொதுவாக இருப்பது பிறந்த நிலமும் அங்குள்ள லெம்மிங்கும் நரியும்தான்.

டைமிரில் சில வாத்துகள் பனி ஆந்தையின் கூட்டுக்குப் பக்கத்திலேயே கூடு வைக்கும் வழக்கமும் உண்டு. லெம்மிங் தின்ன வரும் ஆந்தை, தன் கூட்டுப்பக்கம் வரும் நரியை விரட்டும். வாத்துக்கு இலவச காவல். ஆனால் லெம்மிங் இல்லாத ஆண்டில் ஆந்தையே கூடு கட்டாது. காவல்காரனும் இல்லை.

இந்தத் தாளம் கெட்டால்?

லெம்மிங் ஏற்ற இறக்கம் இயற்கையானது. மோசமான ஆண்டு வரும், போகும். பறவைகள் அதற்குப் பழகித்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கின்றன. பிரச்னை, நல்ல ஆண்டு வராமல் போவதில் இருக்கிறது.

குளிர்காலத்தில் திடீர் வெப்பம் வந்து மழை பெய்தால், அது பனிமேல் விழுந்து உறைந்து பனிக்கட்டியாகிவிடும். லெம்மிங் வாழும் அந்த மெல்லிய இடைவெளி அடைபடும், தாவரங்களும் கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். நார்வே மலைப்பகுதியில் 1990-களின் நடுவிலிருந்து லெம்மிங் உச்சங்கள் மறைந்ததை, பனியின் தன்மை மாறியதோடு இணைத்து 2008-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வடகிழக்கு கிரீன்லாந்திலும் 2000-ஐ ஒட்டி லெம்மிங் சுழற்சி தளர்ந்தது. அதோடு பனி ஆந்தைக் குஞ்சுகளும் கடுமையாகக் குறைந்தன.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ரஷ்யாவின் சில பகுதிகளில் சுழற்சி இன்னும் தொடர்கிறது.

கூடுகள் சூறையாடப்படுவது கூடிவிட்டதா என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆர்க்டிக்கில் 70 ஆண்டுகளில் அது மூன்று மடங்காகிவிட்டது என்று 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே அதே இதழில் வேறொரு குழு, பழைய தரவும் புதிய தரவும் வேறு வேறு முறையில் திரட்டப்பட்டவை, அப்படி முடிவு செய்ய முடியாது என்று மறுத்தது. செய்திகளில் முதல் கட்டுரைதான் பெரிதாக வந்தது. மறுப்பும் படிக்கப்பட வேண்டும்.

பிழைத்த குஞ்சுக்கும் சிக்கல்

மூன்று சோதனையும் தாண்டி வந்த குஞ்சு தப்பித்துவிட்டதா? அதுவும் உறுதியில்லை. டைமிரில் பிறந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டேனியாவுக்குப் போகும் ‘ரெட் நாட்’ என்ற பறவையைப் பற்றி 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது.

33 ஆண்டுகளில் டைமிரில் பனி உருகும் நாள் ஆண்டுக்கு அரை நாள் வீதம் முன்னால் நகர்ந்திருந்தது. மொத்தமாக இரண்டு வாரத்துக்கு மேல். பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் உடல் சிறுத்தும் மூக்கு குட்டையாகவும் இருந்தன. போகும் வழியில் போலந்து கடற்கரையில் பிடித்து அளந்தபோது இது தெரிந்தது.

விலை கொடுக்க வேண்டியிருந்தது மொரிட்டேனியாவில். அங்கே அவற்றின் நல்ல உணவான சிப்பிகள் மணலுக்குள் ஆழத்தில் இருக்கும். குட்டை மூக்குக்கு எட்டாது. எட்டாதவை கடற்புல்லின் வேர்த்தண்டு போன்றவற்றைத் தின்று சமாளித்தன. அப்படிப்பட்ட பறவைகள் பிழைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆர்க்டிக்கில் நடந்த பிழைக்குத் தண்டனை வெப்பமண்டலத்தில் கிடைத்தது. ஆப்பிரிக்கக் கடற்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபட்டிருக்காது.

இப்போது கண்ணுக்குத் தெரியாத பாதி

இதையெல்லாம் புரிந்துகொள்ளத் தொடர்ச்சியான பதிவு வேண்டும். 1980-களின் இறுதியிலிருந்து ரஷ்யப் பறவையியலாளர்கள் பாவெல் டாம்கோவிச், மிகைல் சோலோவியேவ் போன்றோர், ஆர்க்டிக்கின் பல இடங்களில் களத்தில் இருப்பவர்களிடம் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டுத் தொகுத்துவந்தார்கள். பனி எப்போது உருகியது? கோடை வெப்பமா, குளிரா? லெம்மிங் அதிகமா? நரி இருந்ததா? கூடுகள் பிழைத்தனவா? எளிமையான கேள்விகள். ஆனால் பல ஆண்டுப் பதில்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் படம் தெரியும்.

2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. அந்த மார்ச்சில் ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற 7 நாடுகள் ரஷ்யாவுடனான கூட்டுப் பணிகளை நிறுத்திவைத்தன. பல மேற்கத்திய ஆய்வு நிறுவனங்களும் விலகின. ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவினுடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய நிலையங்களை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆர்க்டிக் நிலம் பற்றிய நம் சித்திரம் எவ்வளவு கோணலாகும் என்பதை 2024 ஜனவரியில் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ ஆய்வு கணக்கிட்டது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பருவநிலை மாற்றத்தால் வரக்கூடிய மாற்றங்களின் அளவுக்கு அந்தப் பிழை போகலாம் என்பது அதன் முடிவு.

வளைமூக்கு உள்ளானைப் பொறுத்தவரை இது இன்னும் கடுமை. அது கூடு கட்டும் இடம் கிட்டத்தட்ட முழுக்க ரஷ்யாவில்தான்.

அப்படியானால் கோடியக்கரையில் எதைப் பார்க்க வேண்டும்?

பிறந்த இடத்தில் தகவல் குறையும்போது, குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்களின் பதிவு இன்னும் முக்கியமாகிறது. 1967-ல் சரணாலயமாகி, 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்துவருகிறது. ஆனால் வழக்கமாக நம் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “இந்த சீசனில் மொத்தம் எத்தனை பறவை?”

மொத்த எண்ணிக்கை ஏமாற்றக்கூடியது. இந்தப் பறவைகள் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. கணக்குக்காக ஓர் உதாரணம்: 1,000 பறவைகளில் ஆண்டுக்கு 200 இறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 200 இளம் பறவைகள் வந்து சேர்ந்தால் சமம். ஒரு ஆண்டு ஒன்றுகூட வரவில்லை என்றாலும் கடற்கரையில் 800 பறவைகள் நின்றுகொண்டிருக்கும். மழை, நீர்மட்டம், எண்ணும் நாள் இவற்றால் கணக்கில் வரும் வழக்கமான வித்தியாசத்தில் அந்தக் குறைவு மறைந்துவிடும். தொடர்ந்து சில ஆண்டுகள் போன பிறகுதான் ‘ஏதோ குறைகிறதே’ என்று கண்ணில் படும். அதற்குள் பல கோடைகள் வீணாகியிருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி: வந்த கூட்டத்தில் இந்த ஆண்டு பிறந்தவை எத்தனை?

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. பெரிய பறவைகள் முதலில், ஆகஸ்டை ஒட்டி வரும். இளசுகள் தனியாக, வழி காட்ட யாரும் இல்லாமல், சில வாரம் கழித்து வரும். அவற்றின் முதுகு இறகுகளில் வெளிர் ஓரம் இருக்கும். பார்க்கச் செதில் அடுக்கியது போலத் தெரியும். நல்ல கேமரா வைத்திருக்கும் பறவை ஆர்வலர் செப்டம்பர், அக்டோபரில் எடுக்கும் தேதியிட்ட படத்திலேயே இதைப் பிரித்துவிடலாம். ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் டைமிரின் ரகசியத்தை உடைத்தது இந்த எளிய எண்ணிக்கைதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கோடியக்கரையில் பறவை குறைந்தால் பழி முழுவதையும் சைபீரியா மீது போட்டுவிட முடியாது. உப்பளங்கள், சதுப்புக்கு வரும் நன்னீர், கடற்கரைப் பயன்பாடு எல்லாமே கணக்கில் வரும். கிழக்காசியப் பாதையில் மஞ்சள் கடல் ஓரத்துச் சேற்றுப்பரப்புகள் அழிக்கப்பட்டதுதான் பெரிய அடி என்கிறார்கள்.

இளம் பறவை எண்ணிக்கை உதவுவதும் இங்கேதான். இளசுகள் நன்றாக வந்தும் மொத்தம் குறைந்துகொண்டே போனால், பிரச்னை பெரும்பாலும் நம் பக்கத்திலோ வழியிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்ய நம்மால் முடியும். இளசுகளே ஆண்டுக்கணக்கில் வராவிட்டால் பிரச்னை தூந்திரத்தில். அப்போது நம் பங்கு, வந்து சேரும் பெரிய பறவைகளை அடுத்த நல்ல கோடை வரை உயிரோடு வைத்திருப்பது. மார்ச், ஏப்ரலில் அவை கொழுப்பு சேர்த்துக்கொண்டு வடக்கே கிளம்பும்வரை சேறும் இரையும் தொந்தரவில்லாத இடமும் கிடைத்தாக வேண்டும்.

டைமிரில் பனி எந்தத் தேதியில் உருக வேண்டும் என்பதை நாகப்பட்டினம் மாவட்டத்தில் உட்கார்ந்து யாரும் தீர்மானிக்க முடியாது. செப்டம்பரில் வரும் கூட்டத்தில் இளசுகளைத் தனியாக எண்ணி எழுதிவைக்க முடியும்.